கலைக்களஞ்சியம் பெற்ற பிள்ளை

எங்கள் அடுக்ககத்தில் நாலாம் மாடித் திருமாறன் வீட்டுக்கு இருபத்தாறு வயதில் ஒரு மகன் பிறந்தான். பிறந்த அன்று காலையிலேயே லிஃப்டில் இறங்கிப் போய் இரண்டு பால் பாக்கெட்டும் ஒரு கட்டுக் கொத்தமல்லியும் வாங்கிக்கொண்டு வந்தான். கேட்டில் நின்ற சவரிமுத்து, இந்தக் கட்டடத்துக்காரர்களுக்கு வைக்கிற வணக்கத்தை அவனுக்கும் வைத்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று எந்த வீடு என்று கேட்டார்.

"நாலு ஏ."

"திருமாறன் சார் பையனா?"

"அப்படித்தான் போட்டிருக்கு" என்றான் அவன். எங்கே போட்டிருக்கிறது என்று சவரிமுத்து கேட்கவில்லை, ஏனென்றால் அதற்குள் தண்ணீர் லாரி வந்துவிட்டது, திருச்சியில் சித்திரை மாதத்தில் தண்ணீர் லாரியை நிற்க வைத்துவிட்டு யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை.

திருமாறனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர் தேர்தலில் நிற்கிறவர் இல்லை, நிற்கிறவர்களை நிற்க வைக்கிறவர். வேட்பாளர் எந்தச் சட்டை போட வேண்டும், எந்த டீக்கடையில் உட்கார வேண்டும், எந்தக் குழந்தையைத் தூக்க வேண்டும், தூக்கும்போது எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அவர் கணக்கு. இருபது வருஷத்துக்கு முன்னால் அவர் எழுதிக் கொடுத்த 'மை அழியும் முன் வருவோம்' என்ற வாசகம்தான் ஒரு கட்சியைக் கோட்டை வரைக்கும் கொண்டுபோய் உட்கார வைத்தது. ஓட்டுப் போட்ட விரலில் மை அழிவதற்குள் உங்கள் தெருவுக்கு வந்துவிடுவோம் என்று அதற்கு அர்த்தம். வந்தார்களா என்று கேட்கிறவர்கள் எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிப் போட்ட பள்ளத்தை வந்து பார்த்துக்கொள்ளலாம், அதில் இப்போது ஒரு வேப்பமரம் நிற்கிறது.

அந்த வாசகம் எப்படிப் பிறந்தது என்று அப்போது ஒரு வாரப் பத்திரிகை கேட்டதற்கு, "ஆறு வயசு என் பையன் கேட்டான், அப்பா, இந்த மை அழியறதுக்குள்ள அவங்க வருவாங்களான்னு. அப்படியே எழுதிக்கிட்டேன்" என்று பேட்டி கொடுத்தார் திருமாறன். படித்தவர்களுக்குக் கண் கலங்கியது. திருமாறனுக்கு அப்போது பையன் இல்லை. ஆறு வயதில் ஒரு பெண்தான் இருந்தாள், இளவெயினி என்று பெயர், அதற்குச் சில மாதம் முந்தி நடந்த ஒரு இடைத்தேர்தலின்போது கேட்டவளும் அவள்தான்.

இந்த வருஷம் மறுபடியும் தேர்தல் வந்தது, மறுபடியும் அந்த வாசகத்தைத் தூசி தட்டி எடுத்தார்கள், தொலைக்காட்சிகள் திருமாறனைக் கூப்பிட்டு உட்கார வைத்தன, யாரோ ஒரு புண்ணியவான் இணையக் கலைக்களஞ்சியத்தில் அவருக்கென்று ஒரு பக்கம் தொடங்கிவிட்டார். திருமாறனுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் பிறந்த ஊரை மாற்றிப் போட்டிருந்தார்கள், படிக்காத பட்டத்தைக் கொடுத்து வாங்கிய விருதை விட்டிருந்தார்கள், படமும் யாரோ ஒருவர் கல்யாணத்தில் சாப்பிடும்போது எடுத்தது. அவரே உள்ளே புகுந்து திருத்தினார். அரை மணி நேரத்தில் தூக்கணாங்குருவி என்ற பெயரில் இயங்கும் ஒரு தன்னார்வலர் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிட்டு, 'வணக்கம். தன்னைப் பற்றிய பக்கத்தைத் தானே திருத்துவது நலமுரண் ஆகும். வேண்டிய மாற்றங்களைப் பக்கத்தின் உரையாடல் பகுதியில் சான்றுகளுடன் கோரவும். நன்றி' என்று எழுதிப் போனார். அந்த மரியாதையைப் பார்த்தால் கோபம்கூட வராது.

"நீ கொஞ்சம் எழுதிப் போடும்மா" என்று மகளிடம் சொன்னார் திருமாறன். இளவெயினி பாலிடெக்னிக்கில் இயற்பியல் நடத்துகிறாள், எதையும் முழுசாகப் படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டாள். பக்கத்தை மேலிருந்து கீழே படித்தாள். கடைசியில் இப்படி இருந்தது: 'இவருக்கு ஒரு மகன் உள்ளார். புகழ்பெற்ற தேர்தல் முழக்கம் அம்மகன் ஆறு வயதில் கேட்ட கேள்வியிலிருந்து உருவானது.'

"அப்பா, இதையும் திருத்தணும்ல?"

திருமாறன் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "அது இருந்துட்டுப் போகட்டும். முதல்ல அந்தப் போட்டோவை எடுக்கச் சொல்லு" என்றார்.

அவள் ஊரையும் பட்டத்தையும் விருதையும் போட்டோவையும் எழுதிவிட்டு, அப்பா எழுந்து போன பிறகு இன்னொரு கோரிக்கையையும் எழுதினாள்: 'இவருக்கு மகன் இல்லை. அந்த வரிகளை நீக்கவும்.' மறுநாள் காலையில்தான் அவன் பாலும் கொத்தமல்லியுமாக வந்து நின்றான்.

திருமாறன் மனைவி வசுமதி கதவைத் திறந்தாள். பார்த்தாள். பெற்ற வயிற்றுக்குத் தான் பெறவில்லை என்பது தெரியாமல் போகுமா, நன்றாகவே தெரிந்தது. ஆனால் அவன் செருப்பை ஓரமாக ஜோடி சேர்த்துக் கழற்றினான், அந்த வீட்டில் இதுவரை யாரும் அப்படிக் கழற்றியதில்லை. "காப்பி போடட்டுமா?" என்று கேட்டாள். அவ்வளவுதான், மகன் ஆகிவிட்டான்.

நாங்கள் எல்லாரும் அவனை ஏற்றுக்கொண்ட விதத்தைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். முதல் நாள், நாலு ஏ-க்கு ஒரு பையன் வந்திருக்கிறான் என்றோம். இரண்டொரு நாளில், ஊரிலிருந்து வந்திருக்கிறான் என்றோம். அந்த வாரம் முடிவதற்குள் சவரிமுத்துவுக்கு அவன் சின்ன வயதில் பந்தடித்து கேட் ட்யூப்லைட்டை உடைத்தது ஞாபகம் வந்துவிட்டது, சங்கச் செயலாளர் பிச்சாண்டிக்கு அவன் மொட்டை மாடித் தொட்டியில் மீன் விட்டதும், தான் காதைத் திருகியதும் ஞாபகம் வந்தது, எனக்கே அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் போலியோ சொட்டு மருந்து போட்டுவந்தது துல்லியமாக ஞாபகம் வந்தது. நான் இந்த அடுக்ககத்துக்குக் குடிவந்தே எட்டு வருஷம்தான் ஆகிறது. ஆனால் ஞாபகம் என்று வந்துவிட்ட பிறகு அதைப் போய்க் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருக்க முடியுமா?

பெயர் மட்டும்தான் இடித்தது. கலைக்களஞ்சியத்தில் பெயர் போடவில்லை, அதனால் அவனுக்குப் பெயர் இல்லை. தம்பி என்றோம், திருமாறன் சார் பையன் என்றோம். பிச்சாண்டி சங்கத்து வாட்ஸப் குழுவில் 'நாலு ஏ பையன்' என்று சேர்த்துவிட்டார். யாருக்கும் அது குறையாகப் படவில்லை. பையன் அப்படி. லிஃப்ட் நின்றால் வயசானவர்களுக்குப் பை தூக்கினான், மோட்டார் போட்டால் மறக்காமல் அணைத்தான், சாம்பாரில் உப்பு இல்லை என்று ஒருநாளும் சொல்லவில்லை. திருமாறன்கூட ராத்திரிச் சாப்பாட்டுக்கு நேரத்தோடு வீட்டுக்கு வர ஆரம்பித்தார். தன்னைப் போலவே காதைச் சொறிகிற ஒரு ஆள் எதிரே உட்கார்ந்து சாப்பிடுவதைத் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இளவெயினி மட்டும் அவனோடு பேசவில்லை. தட்டு வைப்பாள், துண்டு எடுத்துக் கொடுப்பாள், பேசமாட்டாள். எனக்கு அவள் மேல் கோபம்கூட வந்தது, பிறகுதான் தெரிந்தது, கோபப்பட வேண்டியது அவள்.

ஒரு சாயங்காலம் மொட்டை மாடியில் அவள் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் வடாம் அள்ளிக்கொண்டிருந்தேன். அவன் வந்து கொடியின் மறுபக்கம் நின்று க்ளிப்புகளைக் கழற்றிக் கொடுத்தபடியே பேசினான்.

"உன்கிட்ட ஒண்ணு கேட்கணும். எல்லாரும் எனக்கு என்னென்னமோ ஞாபகம் சொல்றாங்க. ட்யூப்லைட்டு, மீனு, சொட்டு மருந்து. எனக்கு அது எதுவுமே இல்ல. ஒரே ஒரு ஞாபகம்தான் இருக்கு. அப்பா வண்டி டாங்க்ல முன்னாடி உட்கார்ந்திருக்கேன். ஓட்டுப் போட்டுட்டு வர்றோம். ஹேண்டில்பார்ல அப்பா விரல் தெரியுது, நகத்துல மை. நான் அத என் விரலால தொட்டுப் பாக்கறேன். பாத்துட்டுக் கேக்கறேன்."

இளவெயினி கையில் இருந்த சட்டையை மடிக்காமல் அப்படியே நின்றாள்.

"அந்த ஞாபகத்துல என் கையில கண்ணாடி வளையல் கிடக்கு. பச்சை. ஒண்ணு விரிசல் விட்டிருக்கு. இது உன்னோடதுதானே?"

"ஆமா."

"திருப்பித் தரணும்னு நினைக்கிறேன். எப்படித் தர்றதுன்னுதான் தெரியல."

அவள் அழுதாள். இருபது வருஷமாக அந்த வாசகத்தைச் சுவர்களிலும் பேருந்து முதுகிலும் பார்க்கும்போதெல்லாம் அழாதவள், துணிக்கொடிக்குக் கீழே உட்கார்ந்து அழுதாள். பிறகு, நீ வருவதற்கு முதல் நாளே உன்னை எடுக்கச் சொல்லி எழுதிப் போட்டுவிட்டேன் என்று அவனிடம் சொல்லிவிட்டாள். அந்தப் பக்கத்தில் எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று அவள் கேட்டதற்கு, "வேற எங்கயும் நான் இல்லையே" என்றான் அவன், வருத்தமாகக்கூட இல்லை, மணி என்ன என்று கேட்டால் சொல்வதைப் போலச் சொன்னான்.

அவள் ஓடிப்போய்க் கோரிக்கையைத் திரும்பப் பெறப் பார்த்தாள். தூக்கணாங்குருவி முந்திக்கொண்டிருந்தார். 'வணக்கம். மகன் பற்றிய இரு வரிகளுக்கும் ஒரே சான்று ஒரு பழைய பேட்டியே. அது தவறு என்றால் இரண்டும் நீங்கும். சரி என்றால் இரண்டும் நிற்கும். எது சரி என்பதற்கு அச்சில் வெளியான சான்று தரவும். எழுப்பப்பட்ட ஐயம் தீரும்வரை குறிப்பு இருக்கும். நன்றி.' பக்கத்தில் மகன் என்ற சொல்லை ஒட்டிப் பொடி எழுத்தில் 'சான்று தேவை' என்று ஏறியிருந்தது.

அன்றிலிருந்து எங்களுக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. சொல்லவே கூச்சமாக இருக்கிறது. சவரிமுத்து அவனுக்கு வணக்கம் வைத்துவிட்டு, விருந்தாளிகள் கையெழுத்துப் போடுகிற நோட்டை நீட்டினார். வசுமதி அவனுக்கு வாங்கிக் கொடுத்த சைக்கிளைப் பிச்சாண்டி வெளியாட்கள் நிறுத்தும் இடத்துக்குத் தள்ளி வைத்தார். லிஃப்டில் பார்த்தால், எந்த வீட்டுக்கு வந்திருக்கீங்க என்று நானே கேட்டுவிட்டேன், கேட்ட வாயை அடிக்க வேண்டும். சொட்டு மருந்து போட்டது இவனுக்கா, வேறு யாருக்காவதா என்று எனக்குக் குழப்பமாகிவிட்டது. அவன் ஒவ்வொரு நாளும் விருந்தாளி நோட்டில் கையெழுத்துப் போட்டான். பெயர் இல்லாததால் ஒரு கோடு மட்டும் இழுத்தான், ஒவ்வொரு நாளும் அந்தக் கோடு மெல்லிசாகிக்கொண்டு வந்தது.

வசுமதிக்கு மட்டும் சந்தேகமே வரவில்லை. "சோறு போடறவ நான். எனக்குச் சான்று கேட்கிறானா அந்தக் குருவி?" என்று படிக்கட்டில் நின்று கத்தினாள். பிறகு உள்ளே போய்ப் புருஷனிடம், "ஒரு பத்திரிகைக்காரனைக் கூப்பிட்டுச் சொல்லுங்க. உங்களுக்குத் தெரியாத பத்திரிகைக்காரனா?" என்றாள்.

திருமாறனுக்குத் தொழிலில் ஒரு விரதம் உண்டு. எந்தப் பழைய பேச்சுக்கும் திருத்தம் கொடுக்கமாட்டார், வேட்பாளர்களையும் கொடுக்க விடமாட்டார். திருத்தம் கொடுத்தால் தோற்றுவிட்டோம் என்று அர்த்தம், பேசாமல் இருந்தால் ஜனங்கள் மறந்துவிடுவார்கள் என்பது அவர் கொள்கை. அதிலும் இந்தத் தேர்தலில் அந்த வாசகம்தான் மூலதனம். அது பிறந்த கதையே பொய் என்று அவரே சொன்னால் எதிர்க்கட்சி சும்மா விடுமா?

"பையன் பத்தி மட்டும் புதுசா ஒரு பேட்டி கொடுத்துடறேன். அந்தக் கேள்வியக் கேட்டதும் அவன்தான்னு மறுபடி சொல்லிட்டா முடிஞ்சுது. ரெண்டு சான்று ஆச்சு, அவனும் இருப்பான்" என்றார்.

அவர் சொன்ன வழி சரியான வழிதான். ஒரே ஒரு ஆளுக்கு மட்டும்தான் நஷ்டம். அந்த ஆள் அப்போது கூடத்தில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அவள் நிமிர்ந்து, "சரிப்பா. அப்படியே சொல்லிடுங்க. அவன் இருக்கட்டும்" என்றாள்.

"வேண்டாம்" என்றான் அவன். "அது அக்காவோட ஞாபகம்."

"ரெண்டு பேருக்கும் ஒரே வயசுடா, அவ எப்படி அக்கா?" என்றாள் வசுமதி, அந்த நேரத்திலும்.

"நான் நேத்து வந்தவன்மா."

திருமாறன் நாற்காலியில் உட்கார்ந்தார். காதைச் சொறிந்தார். "அப்பவே போஸ்டர் அடிச்சுட்டாங்க வெயினி" என்றார். "போஸ்டர்ல ஒரு பையன் கைய நீட்டிக்கிட்டு நிக்கறான். லட்சக்கணக்குல அடிச்சாச்சு. பேட்டியில பொண்ணுன்னு சொன்னா போஸ்டரோட ஒட்டாது. அதான் பையன்னேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கல."

"நான் வண்டி டாங்க்ல இருந்தேன்பா" என்றாள் இளவெயினி. "என்னை யோசிக்க உங்களுக்கு போஸ்டர் வேண்டியிருந்துச்சா?"

திருமாறன் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, உள்ளூர் நாளிதழ் நிருபருக்குப் போன் போட்டார்.

நிருபர் வந்தபோது நாலாம் மாடித் தாழ்வாரத்தில் சங்கமே கூடிவிட்டது. நிருபர் பேனாவைத் திறந்தார். திருமாறன், அந்தக் கேள்வியைக் கேட்டது என் மகள் இளவெயினி, பையன் என்று நான் சொன்னது போஸ்டருக்காக என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். ஆயிரம் மேடைக்கு எழுதிக் கொடுத்தவருக்கு அந்த ஒரு வாக்கியத்தில் வேர்த்து ஊற்றியது. மகன் சுவரோரம் நின்றிருந்தான். அவனுக்குப் பின்னால் இருந்த காலண்டர் எனக்கு அவன் வழியாகவே தெரிகிற மாதிரி இருந்தது.

"அப்போ உங்களுக்கு மகன் இருக்கறதா சொன்னதே பொய்யா சார்?" என்று கேட்டார் நிருபர்.

"பொய்தான்" என்றார் திருமாறன். "அப்ப எனக்கு மகன் கிடையாது." நிறுத்தினார். "இப்ப இருக்கான். எங்க வீட்டுச் செருப்பையெல்லாம் ஜோடி சேர்த்து வைக்கிறவன். இதையும் அப்படியே எழுதிக்கோங்க."

"பேரு?"

திருமாறன் வசுமதியைப் பார்த்தார். வசுமதி எங்களைப் பார்த்தாள். இத்தனை நாள் பெயர் வைக்கத் தோன்றாத வெட்கத்தில் நாங்கள் தரையைப் பார்த்தோம்.

"ஆதன்" என்றாள் இளவெயினி. "என் தம்பி ஆதன்."

செய்தி வந்த அன்றே கட்சி அவரைப் பிரச்சாரக் குழுவிலிருந்து விலக்கியது, எதிர்க்கட்சி இரண்டு நாள் சிரித்தது, பிறகு இருவருக்கும் வேறு வேலை வந்துவிட்டது. திருமாறன் வீட்டில் இருந்தபடி வெண்டைக்காய் நறுக்கினார். இளவெயினி கோரிக்கையை எழுதினாள். இந்த முறை நாங்கள் எல்லாரும் அவள் தோளுக்குப் பின்னால் நின்றோம். 'இவருக்கு இளவெயினி என்ற மகளும் ஆதன் என்ற மகனும் உள்ளனர். முழக்கம் மகளின் கேள்வியிலிருந்து உருவானது' என்று எழுதி, நாளிதழ் பெயரும் தேதியும் சேர்த்து, கீழே, 'நான் அந்த மகள். நலமுரண் உண்டு' என்று போட்டாள்.

வாக்குப்பதிவு நாளும் வந்து போனது. ஆதன் பெயர் பட்டியலில் இல்லை, ஆனாலும் அக்காவோடு பள்ளிக்கூடம்வரை போய் வெளியே மதிலோரம் நின்றுவிட்டு வந்தான். வெயில் அவன் மேல் பட்டதா, ஊடே போனதா என்று சொல்ல முடியாதபடி நின்றான் என்று சவரிமுத்து சொன்னார்.

மறுநாள் காலையில் தூக்கணாங்குருவியின் குறிப்பு வந்திருந்தது: 'வணக்கம். சான்று ஏற்கப்பட்டது. பக்கம் இற்றைப்படுத்தப்பட்டது. தம்பிக்கும் வாழ்த்துகள். நன்றி.' நாங்கள் பாதிப் பேர் பல்கூடத் துலக்காமல் கீழே லிஃப்டுக்கு முன்னால் வந்து நின்றோம். லிஃப்ட் நாலில் நின்றது, மூன்றுக்கு வந்தது, எங்கள் லிஃப்டுக்கே உரிய குணத்தின்படி இரண்டில் காரணமில்லாமல் நின்றது, ஒருவழியாகக் கீழே வந்து கதவு திறந்தது. ஆதனும் இளவெயினியும் பால் பையோடு வெளியே வந்தார்கள். பிச்சாண்டி போய் அவன் சைக்கிளை எடுத்து நாலு ஏ-யின் இடத்தில் நிறுத்தினார். சவரிமுத்து விருந்தாளி நோட்டை மேசைக்குள் தள்ளிப் பூட்டினார்.

நானும் பாலுக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன், அவர்களுக்குப் பின்னாலேயே நடந்தேன். ஆதன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தான்.

"அக்கா, எனக்குச் சின்ன வயசுல எதுவுமே ஞாபகம் இல்ல. ஒண்ணு இருந்துச்சுன்னு மட்டும் தெரியுது. என்னன்னு தெரியல."

"ஒண்ணும் போயிடல. நான் சொல்றேன், கேளு" என்றாள் இளவெயினி. "எனக்கு அப்போ ஆறு வயசு. அப்பா ஓட்டுப் போட்டுட்டு வர்றார். நான் வண்டி டாங்க்ல உட்கார்ந்திருக்கேன். கையில பச்சை வளையல். அவர் நகத்துல மை இருந்துச்சு. இந்த மை அழியறதுக்குள்ள அவங்க வருவாங்களாப்பான்னு கேட்டேன்."

திருப்பிக் கொடுத்துவிட்ட பிறகு அவன் அதை முதல் முறையாகக் கேட்கிறவன்தான். குழந்தை மாதிரி வாயைப் பிளந்து கேட்டான். அவள் நகத்தில் நேற்று வைத்த மை மங்காமல் கருநீலமாக இருந்தது, அதையும் பார்த்தான்.

"வந்தாங்களா?"

தோண்டிப் போட்ட பள்ளத்தையும் அதில் நிற்கிற வேப்பமரத்தையும் சுற்றிக்கொண்டு நாங்கள் நடந்துகொண்டிருந்தோம்.

"அவங்க வரல" என்றாள் அவள். "நீ வந்துட்ட."